போர் முடிந்த பிறகு எந்த அதிகாரி இராணுவத்தில் இருப்பார்? ஆட்குறைப்புக்குள் மறைந்திருக்கும் கேள்வி

2023 ஜனவரியில் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் ஓர் அறிவிப்பு விட்டார். இராணுவத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஆட்பலம் 200,783. அது 2024இல் 135,000 ஆகவும் 2030இல் 100,000 ஆகவும் குறைக்கப்படும் என்றார். அப்புறம் ஆட்சியே மாறியது, ஆனால் 100,000 என்ற இலக்கு மாறவில்லை. தியத்தலாவை, பல்லேகலை பக்கம் இருக்கிறவர்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆளுக்கொரு கேள்வி வரும்: முகாமை மூடுவார்களா, காணியைத் திருப்பித் தருவார்களா, பாதிப் பேரையும் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்புவார்களா?

இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை. அதிகாரிகளில் யார் இருப்பார்கள், யார் போவார்கள், அதை யார் தீர்மானிப்பார்கள்? 2009 மே மாதம் போர் முடிந்த இராணுவம் இது. அடுத்த முப்பது வருடங்களுக்கு இந்த இராணுவம் எப்படிப்பட்டதாக இருக்கும் என்பது 100,000 என்ற எண்ணிக்கையைவிட இந்தத் தெரிவில்தான் தங்கியிருக்கிறது என்பது என் கருத்து. ஏன் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

சிப்பாயைக் குறைப்பதும் அதிகாரியைக் குறைப்பதும் ஒன்றா?

இல்லை. ஒரு சிப்பாய் போனால் தேவைப்படும்போது இன்னொருவரை எடுத்துச் சில மாதங்களில் பயிற்றுவித்துவிடலாம். ஆனால் ஒரு பட்டாலியனை, அதாவது பல நூறு பேர் கொண்ட படைப்பிரிவைக் கட்டளையிடும் லெப்டினன்ட் கேணல் உருவாக ஏறத்தாழ 20 வருடங்கள் பிடிக்கும். வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து நேரே அந்தக் கதிரையில் உட்கார வைக்க முடியாது, எல்லோரும் இரண்டாம் லெப்டினன்ட்டாகக் கீழே இருந்துதான் ஏற வேண்டும். அதனால் இன்று இருபத்தெட்டு வயதில் இருக்கும் கப்டன்களில் யாரை வைத்துக்கொள்கிறோமோ, 2050 வாக்கில் தளபதியாக வருபவர் அவர்களுக்குள்தான் இருப்பார்.

இன்னொன்று, மேலே போகப் போக இடம் குறையும். போர்க்காலத்தில் புதிய டிவிஷன்கள், அதாவது பல பட்டாலியன்கள் சேர்ந்த பெரிய படையணிகள் எழும்பும். இங்கே 57, 58, 59 என்று வன்னிப் போருக்காகவே எழும்பின. ஒவ்வொன்றுக்கும் ஒரு தளபதி, அவருக்குக் கீழே பிரிகேடியர்கள், கேணல்கள் என்று பதவிகள் பெருகும். டிவிஷன் கலைந்தால் அந்தப் பதவிகளும் போய்விடும், ஆட்கள் மட்டும் அப்படியே இருப்பார்கள். 1983க்கு முன் இலங்கை இராணுவம் சுமார் 12,000 பேர் கொண்டதாக இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், எவ்வளவு பதவிகள் போரால் உண்டானவை என்று புரியும்.

சில சொற்களையும் தெரிந்துகொண்டால் செய்திகளை வாசிக்க லேசாக இருக்கும்.

1. நிரந்தர அதிகாரவாணை. ஜனாதிபதியின் பெயரால் வழங்கப்படும் நியமனம். ஓய்வுபெறும் வயதுவரை சேவை, 20 வருடம் முடித்தால் ஓய்வூதியம்.

2. குறுகிய கால அல்லது அவசரகால அதிகாரவாணை. தேவை வந்தபோது எடுத்து, தேவை முடிந்ததும் விடுவிக்கக்கூடிய நியமனம். தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளிக்கும் தற்காலிகத் தொழிலாளிக்கும் உள்ள வித்தியாசம்தான் இதற்கும் முதலாவதுக்கும்: மலையில் செய்யும் வேலை ஒன்றே, ஆள் குறைக்கும்போது மட்டும் கணக்கு வேறு. 1962 சீனப் போரை ஒட்டி இந்தியா பெருந்தொகையானோரை இப்படி எடுத்தது. பத்து வருடம் முடிவதற்குள் அவர்களில் பெரும்பாலோரை விடுவித்து, தெரிவு செய்த ஒரு பகுதியினரை மட்டும் நிரந்தரமாக்கியது.

3. தொண்டர் படை. இலங்கை இராணுவத்தின் இரண்டாவது கை. பெயரில்தான் தொண்டர், போர்க் காலத்தில் முழுநேரமாகவே அழைக்கப்பட்டுப் பணிசெய்தார்கள்.

4. தற்காலிகத் தரம். போரின்போது அவசரத்துக்குக் கொடுக்கும் பதவி உயர்வு. போர் முடிந்தால் பழைய தரத்துக்கு இறக்கிவிடலாம். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஐசனோவர் 1918இல் தற்காலிக லெப்டினன்ட் கேணல். 1920இல் அவரைக் கப்டனாக இறக்கினார்கள். நிரந்தரமாக லெப்டினன்ட் கேணல் ஆனது 1936இல்.

போக விரும்புவோரும் இருக்க விரும்புவோரும்

போர் முடிந்ததும் இரண்டு வேறு கூட்டங்கள் இருக்கும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல விவாதங்கள் எங்கேயோ போய் முடிகின்றன.

முதல் கூட்டம் கட்டாயச் சேவையில் வந்தவர்கள், எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று காத்திருப்பவர்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1944 முதல், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவில் இருந்தது. அங்கே பணியாற்றிய பிரித்தானிய அதிகாரிகளில் பலர் இந்த வகை. அவர்களை எந்த ஒழுங்கில் விடுவிப்பது என்பதற்கு லண்டன் அரசு 1944 செப்டெம்பரிலேயே, அதாவது போர் முடிவதற்கு முன்பே, ஒரு சூத்திரத்தை வெளியிட்டது. வயதை எடு, இரண்டு மாதச் சேவைக்கு ஒரு வயது என்று கூட்டு, கூட்டுத்தொகை அதிகமானவர் முதலில் போகலாம். 40 வயதில் 18 மாதம் சேவை செய்தவருக்கு 49. வெறும் 25 வயதில் நான்கு வருடம் சேவை செய்தவருக்கும் 49. இருவரும் ஒரே தொகுதியில் போவார்கள். யாருக்கும் சிபாரிசு தேவையில்லை, எவரும் தாளும் பென்சிலும் எடுத்துத் தன் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கலாம். அப்படியிருந்தும் கப்பல் போதாமல் விடுவிப்பு இழுபட்டபோது, 1946 ஜனவரியில் பிரித்தானிய விமானப்படையினர் கராச்சியில் தொடங்கி நீர்கொழும்பு வரைக்கும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சூத்திரமே இல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கூட்டம் இராணுவத்தையே வாழ்க்கைத் தொழிலாக எடுத்தவர்கள். இவர்களுக்குப் போக விருப்பமில்லை. இலங்கையில் கட்டாயச் சேவை இருந்ததில்லை, ஆகவே நமது அதிகாரிகள் எல்லோரும் இந்த வகைதான். வயதையும் சேவைக் காலத்தையும் கூட்டும் சூத்திரம் இங்கே சரிவராது. வரிசையைப் போடுவதோடு விஷயம் முடியாது, ஆளைத் தெரிவு செய்தாக வேண்டும்.

எதை வைத்துத் தெரிவு செய்வது?

உலகில் பயன்படுத்தப்பட்ட அளவுகோல்கள் அதிகமில்லை. ஆனால் ஒன்றோடு ஒன்று மோதும்.

1. மூப்பு. முதலில் வந்தவர் இருப்பார், கடைசியில் வந்தவர் போவார். சண்டை சச்சரவு இல்லாத வழி, நீதிமன்றத்திலும் நிற்கும். ஆனால் வயதானவர்கள் மேலே தேங்கிப்போவார்கள், இளம் அதிகாரிகள் வெளியேறுவார்கள், பத்து வருடம் கழித்து நடுவில் ஒரு பெரிய வெற்றிடம் இருக்கும்.

2. திறமை. கேட்க நன்றாக இருக்கிறது. எந்தத் திறமை? முதலாம் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை ஜேர்மன் இராணுவத்தை 100,000 பேருக்கும், அதற்குள் அதிகபட்சம் 4,000 அதிகாரிகளுக்கும் மட்டுப்படுத்தியது. போர்முனையில் முன்னால் நின்று சண்டை பிடித்த அதிகாரிகளுக்கு முன்னுரிமை வேண்டும் என்றார் ஜெனரல் ரைன்ஹார்ட். திட்டமிடல் தெரிந்த தலைமையக அதிகாரிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றார் ஜெனரல் ஃபொன் சீக்ட். சீக்ட் வென்றார். விளைவாக, 4,000 பேர் கொண்ட அந்தச் சின்னக் கூட்டம் பிற்காலத்தில் ஒரு பெரிய இராணுவத்தைக் கட்டியெழுப்பத் தெரிந்த கூட்டமாக ஆனது. தெரிவுக்கான அளவுகோல் எதிர்காலத்தை எப்படி எழுதிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அதோடு, காட்டுக்குள் ஒரு பட்டாலியனை நடத்தத் தெரிந்த ஆள், சமாதான காலத்தில் வரவு செலவும் பயிற்சியும் வெள்ள நிவாரணமும் மண்சரிவு மீட்பும் பார்க்கத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும் என்றில்லை.

3. வயதும் உடல்நிலையும். இது அனேகமாக எல்லா நாட்டிலும் உண்டு. ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு வயதெல்லை, அதற்குள் மேலே போகாவிட்டால் ஓய்வு.

4. விசுவாசம். யாரும் எழுத்தில் வைக்காத அளவுகோல், ஆனால் அடிக்கடி வேலை செய்வது. 1962இல் கொழும்பில் நடந்த சதிப்புரட்சி முயற்சிக்குப் பிறகு அதிகாரிகள் தரத்தின் இன, மத அமைப்பு மாறத் தொடங்கியது. 2010 ஜனாதிபதித் தேர்தலில் முன்னாள் தளபதி சரத் பொன்சேகா தோற்ற கையோடு, அவருக்கு நெருக்கமானவர்கள் என்று கருதப்பட்ட மூத்த அதிகாரிகள் பலர் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டார்கள். போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. போரில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது அந்தத் தீர்மானத்தில் ஒரு காரணியாகவே இருக்கவில்லை.

5. கடந்த கால நடத்தை. இதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

யாருமே தீர்மானிக்காமல் விட்டால்?

பெரும்பாலான அரசுகளுக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். புதிதாக ஆள் எடுப்பதைக் குறை, ஓய்வுபெறுகிறவர்கள் போகட்டும், தப்பியோடியவர்களைப் பொது மன்னிப்புக் காலம் அறிவித்துச் சட்டபூர்வமாக விலக்கு, எண்ணிக்கை தானாக இறங்கும். யாரையும் வேலையால் நீக்கியதாகப் பேச்சு வராது.

சிப்பாய்கள் விடயத்தில் இது ஓரளவு வேலை செய்யும். அதிகாரிகள் விடயத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். 1918க்குப் பின் அங்கே போர்க்காலத்தில் சேர்ந்த அதிகாரிகள் ஒரே வயதில் ஒரு பெரிய கூட்டமாக நடுத் தரத்தில் தேங்கினார்கள். 1922இல் காங்கிரஸ் அதிகாரிகளின் தொகையை 12,000 என்று மட்டுப்படுத்தியும் அந்தத் தேக்கம் கரையவில்லை. மேலே சொன்ன ஐசனோவர் பழைய லெப்டினன்ட் கேணல் தரத்துக்குத் திரும்பப் பதினாறு வருடம் காத்திருந்தது இந்த நெரிசலில்தான். கடைசியில் 1941இல், இன்னொரு போர் வாசலில் நிற்கும்போது, அமெரிக்க இராணுவப் பிரதானி ஜெனரல் ஜோர்ஜ் மார்ஷல் ஒரு சபையை அமைத்து மூத்த அதிகாரிகளைக் களையெடுக்க வேண்டி வந்தது. அந்தச் சபைக்குத் தலைமை தாங்கியவர் ஏற்கெனவே ஓய்வுபெற்றிருந்த முன்னாள் இராணுவப் பிரதானி மாலின் கிரெய்க். இந்த விபரம் முக்கியம். இன்னொருவரை அனுப்பினால் அந்த இடம் தனக்குக் கிடைக்கும் என்ற நிலையில் இல்லாத ஒருவரிடம்தான் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள்.

பணம் கொடுத்து, விரும்பினால் போகலாம் என்று சொல்வது இன்னொரு வழி. பனிப்போர் முடிந்தபின் 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கா இதையும் செய்தது. கண்ணியமான வழிதான், ஆனால் ஒரு ஆபத்து உண்டு. வெளியே உடனே வேலை கிடைக்கக்கூடிய பொறியியலாளர், மருத்துவர், தகவல் தொழில்நுட்பம் தெரிந்தவர் முதலில் கிளம்பிவிடுவார். போக இடமில்லாதவர் இருப்பார்.

அனுப்பப்பட்டவர் எங்கே போகிறார்?

கண்டியைத் தலைமையகமாகக் கொண்டு 1900இல் இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை என்று ஒன்று உருவானது. உறுப்பினர்கள் ஐரோப்பியத் தோட்டத் துரைமார். தென்னாபிரிக்காவில் நடந்த போயர் போருக்கும் முதலாம் உலகப் போரில் துருக்கியின் கலிப்பொலிக்கும் ஆட்களை அனுப்பிய படை. 1949இல், புதிய இலங்கை இராணுவம் பிறந்த அதே வருடத்தில், அது கலைக்கப்பட்டது. ஒரு சலசலப்பும் இல்லை. ஏன் இருக்கப் போகிறது? துரைக்குத் தோட்டமும் பங்களாவும் சம்பளமும் இருந்தன.

திரும்பிப் போக எதுவும் இல்லாத அதிகாரியின் கதை வேறு. 1814இல் நெப்போலியன் வீழ்ந்ததும் பிரான்ஸின் புதிய அரசு ஆயிரக்கணக்கான அதிகாரிகளை அரைச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த வருடம் நெப்போலியன் தீவிலிருந்து திரும்பி வந்தபோது அவர்களில் பலர் ஓடிப்போய் அவருடன் சேர்ந்தார்கள். 1920 மார்ச்சில் பெர்லினில் அரசைக் கவிழ்க்க முயன்ற படை, கலைக்கப்படவிருந்த ஒரு கடற்படைப் பிரிகேட். 2003 மே 23ஆம் திகதி ஈராக்கில் அமெரிக்க நிர்வாகி போல் பிரேமர் போட்ட இரண்டாம் இலக்க உத்தரவு முழு இராணுவத்தையும் ஒரே கையெழுத்தில் கலைத்தது. தெரிவு என்பதே நடக்கவில்லை, நல்லவர் கெட்டவர் எல்லோரும் ஒன்றாகத் தெருவுக்கு வந்தார்கள். அந்த அதிகாரிகளில் ஒரு பகுதியினர் கிளர்ச்சிக் குழுக்களுக்கும் பின்னர் ஐ.எஸ். அமைப்புக்கும் தங்கள் போர் அறிவைக் கொண்டு போனார்கள்.

ஆகவே ஓய்வூதியம், மறுபயிற்சி, வேலை ஆகியவற்றைச் சலுகை என்று சொல்லி ஒதுக்க முடியாது. ஆட்குறைப்பின் ஒரு பகுதியே அவைதான்.

கடந்த காலத்தைச் சோதித்துப் பார்ப்பது

தமிழ் வாசகர்களுக்கு இதுதான் மனதில் இருக்கும் கேள்வி. போரில் குற்றம் செய்ததாக நம்பகமான சாட்சியம் உள்ள அதிகாரி சேவையில் இருக்கலாமா?

இதற்கு ஒரு முன்னுதாரணம் எல் சல்வடோர். 1992 ஜனவரியில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி மூன்று பொதுமக்கள் கொண்ட ஓர் ஆணைக்குழு அதிகாரிகளின் பழைய நடத்தை, தொழில் தகுதி, ஜனநாயகச் சூழலில் வேலை செய்யும் தகுதி ஆகியவற்றைப் பார்த்தது. நூறுக்கு மேற்பட்ட அதிகாரிகளை நீக்கவோ இடம் மாற்றவோ பரிந்துரைத்தது, பாதுகாப்பு அமைச்சரான ஜெனரலும் அதற்குள் அடக்கம். இராணுவம் இழுத்தடித்தது, ஐ.நா. அழுத்தம் கொடுத்தது, கடைசியில் போனார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது குற்றவியல் வழக்கு இல்லை. சிறைக்கு அனுப்புவதற்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும். இந்தப் பதவிக்கு நீங்கள் பொருத்தமில்லை என்று சொல்ல அவ்வளவு தேவையில்லை, நியாயமான விசாரணையும் பதில் சொல்ல ஒரு வாய்ப்பும் போதும்.

இலங்கையும் இதை ஒரு காலத்தில் ஏற்றுக்கொண்டது. 2015 ஒக்டோபரில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் நிறைவேறிய 30/1 தீர்மானத்துக்கு இலங்கையே இணை அனுசரணை வழங்கியது. பாரிய மனித உரிமை மீறல்களில் நம்பகமாகத் தொடர்புபடுத்தப்பட்டவர்களைப் பாதுகாப்புப் படையில் வைத்திருக்கவோ சேர்க்கவோ இடமிருக்கக் கூடாது, அதை நியாயமான நிருவாக நடைமுறையால் செய்ய வேண்டும் என்று அந்தத் தீர்மானம் ஊக்குவிக்கிறது. அப்படி எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. 2019 ஓகஸ்டில், போரின் இறுதிக் கட்டத்தில் 58ஆம் டிவிஷனை வழிநடத்திய சவேந்திர சில்வா இராணுவத் தளபதியாக நியமிக்கப்பட்டார். அடுத்த மாதம், அத்தியாவசியமான இடங்கள் தவிர இலங்கை இராணுவத்தை அமைதி காக்கும் பணிக்கு அழைப்பதை ஐ.நா. நிறுத்தி வைத்தது. 2020 பெப்ரவரியில் தீர்மானத்தின் அனுசரணையிலிருந்து இலங்கை விலகியது.

செய்ய முடியாத காரியம் என்று இதைச் சொல்ல வேண்டாம். அமைதி காக்கும் பணிக்குப் போகும் படையினரின் பின்னணியைப் பரிசீலிக்கும் பொறுப்பு இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. வெளிநாட்டில் பணிசெய்யப் போகிறவரைச் சோதிக்கலாம், கிளிநொச்சியிலோ பதுளையிலோ கட்டளையிடப் போகிறவரைச் சோதிக்க முடியாது என்பதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

இங்கே கத்தரிக்கோல் யார் கையில்?

1949ஆம் ஆண்டின் இராணுவச் சட்டப்படி அதிகாரிக்கு நியமனம் கொடுப்பவர் ஜனாதிபதி. ஜனாதிபதியின் விருப்பம் உள்ளவரைதான் அந்த அதிகாரி பதவியில் இருக்கிறார். மூத்த தரங்களுக்கு ஓய்வு வயது 55. சேவை நீடிப்புக் கொடுப்பதும் ஜனாதிபதிதான். சரத் பொன்சேகா 2005 டிசம்பர் 6ஆம் திகதி தளபதியாக நியமிக்கப்பட்டபோது அவருக்கு 55 வயதாக இரண்டு வாரம்கூட இல்லை. நியமனம் வந்திராவிட்டால் அந்த மாதமே வீட்டுக்குப் போயிருப்பார். ஒரு கையெழுத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது போதும்.

நீடிப்பு மேலே ஒருவருக்குக் கிடைத்தால் கீழே நிற்கிறவர்களில் சிலர் வயதெல்லையில் விழுந்துவிடுவார்கள். வெளியில் யாருக்கும் தெரியாது, பத்திரிகையில் வராது. ஆனால் தெரிவு நடந்துவிட்டது.

2022 பொருளாதார நெருக்கடிதான் இந்த ஆட்குறைப்பைத் தள்ளிவிட்டது, அதனால் பேச்சு முழுக்கச் செலவைப் பற்றியே இருக்கிறது. எழுத்தில் வைக்கப்பட்ட அளவுகோல் எது, ஓய்வுபெற்றவர்களும் இராணுவத்துக்கு வெளியே உள்ளவர்களும் இருக்கும் சபை ஒன்று உண்டா, நீக்கப்பட்டவர் மேன்முறையீடு செய்யலாமா, தரம் வாரியாக எத்தனை இடம் குறைகிறது? இந்த நான்கையும் பாதுகாப்பு அமைச்சு பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். பாராளுமன்றத்தில் மலையக உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

தியத்தலாவை வாசலில்

இராணுவ அதிகாரிகளை உருவாக்கும் கல்லூரி நம்முடைய மலையில், தியத்தலாவையில் இருக்கிறது. அதற்கு ஹப்புத்தளையும் பண்டாரவளையும் பக்கத்து ஊர்கள், சுற்றிவர தமிழ் பேசும் தோட்டங்கள். இந்த நாட்டு இராணுவத்தின் முதல் இலங்கையர் தளபதி ஒரு தமிழர், அன்ரன் முத்துக்குமாரு, 1955 முதல் 1959 வரை. அப்புறம் நடந்தவை எல்லோருக்கும் தெரியும். இன்றைய அதிகாரிகள் தரம் பெரும்பாலும் ஒரே இனத்தவர்.

மூப்பை வைத்துக் குறைத்தால் இந்த அமைப்பு அப்படியே உறைந்துவிடும், ஏனென்றால் சிறுபான்மையினர் புதிதாகச் சேர்ந்தால் அவர்கள் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். புதிய ஆட்சேர்ப்பைச் சுருக்கி எண்ணிக்கையைக் குறைத்தால் அந்தக் கடைசி வரிசைகூட இருக்காது. ஹட்டனில் உயர்தரம் முடித்த ஒரு பிள்ளை அடுத்த வருடம் கடெற் அதிகாரியாக உள்ளே போனால், ஒரு பட்டாலியனைக் கட்டளையிட 2045க்கு மேல் ஆகும். 2030 வரை வாசல் ஒடுக்கமாக இருந்தால் அது 2050ஐத் தாண்டும். அதனால் எத்தனை பேரைக் குறைக்கிறீர்கள் என்று கேட்கும் அதே மூச்சில், வருடத்துக்கு எத்தனை கடெற்றுகளை எடுக்கிறீர்கள், அறிவித்தலும் நேர்முகப் பரீட்சையும் பயிற்சியும் தமிழிலும் நடக்குமா என்று கேட்க வேண்டியிருக்கிறது.